டிஸ்க்கில் வைத்த சந்தனப் பொட்டு

லாஃப்டிலிருந்து அந்தப் பழைய கம்ப்யூட்டரை இறக்கியபோது மணி பதினொன்றே கால். மூன்றரைக்குள் அதற்குள்ளிருந்து எனக்கு ஒரு பதில் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் என் மகளை ஆம்புலன்சில் ஏற்றி வேலூருக்கு அனுப்புவார்கள். அன்று பௌர்ணமி.

எங்கள் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையிலிருந்து நாலு வீடு தள்ளி இருக்கிறது. பௌர்ணமியன்று மதியத்துக்கு மேல் இந்த ஊரிலிருந்து ஒரு வண்டி வெளியே போவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். ஆம்புலன்சுக்கு வழிவிட ஜனங்களுக்கு மனமிருக்கும், ஒதுங்கத்தான் இடமிருக்காது.

முந்தின நாள் சாயங்காலம் மகளுக்கு வயிற்றுவலி வந்தது. இருபத்து நாலு வயது. கீழ்பென்னாத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பள்ளிக்கூடத்தில் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிக்கொண்டு சுருண்டு படுத்திருந்தாள். விடிந்ததும் செங்கம் ரோட்டில் இருக்கும் சின்ன ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். ஸ்கேன் எடுத்தார்கள். குடல்வால் வீங்கியிருக்கிறது, வெடிப்பதற்குள் எடுத்துவிட வேண்டும் என்றார் அறுவை மருத்துவர். சரி என்றோம். பிறகு மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் வந்தார். இளைஞர். கையில் அட்டை வைத்துக்கொண்டு வரிசையாகக் கேள்வி கேட்டார். ஆஸ்துமா உண்டா? இல்லை. மாத்திரை ஏதாவது? இல்லை. முன்னால் ஆபரேஷன் நடந்திருக்கிறதா?

"ஆறு வயசுல ஒரு நர்சிங் ஹோம்ல டான்சில் எடுத்தோம் சார்" என்றேன். "அப்போ முழிக்க ரொம்ப நேரமாயிடுச்சு. மத்தியானம் கொண்டு போனவங்க சாயங்காலம் அஞ்சு மணிக்குத்தான் என்னை உள்ள வுட்டாங்க."

அவர் பேனாவை நிறுத்தினார். "ஏன் லேட்டாச்சுன்னு சொன்னாங்களா?"

"ஒரு மருந்து ஒத்துக்கலன்னாங்க. எழுதிக் குடுத்தாங்க சார். அந்தச் சீட்டை வீடு மாறும்போது தொலைச்சிட்டேன்."

"மூச்சு வர லேட்டாச்சா? இல்ல, உடம்பு சூடாகி விறைச்சுதா?"

"சூடா இருந்துச்சு சார்" என்றேன் யோசிக்காமல். அந்தச் சூடு என் உள்ளங்கையில் பதினெட்டு வருஷமாக இருக்கிறது. கதவைத் திறந்து என்னை உள்ளே விட்டதும் நான் முதலில் செய்தது அவளைத் தொட்டதுதான். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் மாதிரி இருந்தாள்.

"கையில பட்ட சூடா? தெர்மாமீட்டர் வெச்சுப் பார்த்ததா?"

நான் என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தேன்.

அவர் பொறுமையாகச் சொன்னார். மூச்சு மட்டும் வராமல் இருந்திருந்தால் அது ஒரு குறிப்பிட்ட ஊசியால் வருவது. அந்த ஊசியைத் தொடாமல் இங்கேயே ஆபரேஷனை முடித்துவிடலாம். உடம்பு கொதித்து விறைத்திருந்தால் அது வேறு. அது மறுபடி வந்தால் கொடுக்க வேண்டிய மருந்து இந்த ஊரிலேயே கிடையாது. அப்படியென்றால் வேலூரில்தான் செய்ய வேண்டும்.

"முதுகுல ஊசி போட்டு மரக்க வெச்சு பண்ண முடியாதா சார்?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"பண்ணலாம். அது பத்தலன்னா நடுவுல முழு மயக்கத்துக்குப் போகணும். அப்போ என் கையில எது இருக்கலாம், எது இருக்கக் கூடாதுன்னு எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும். அந்த நர்சிங் ஹோம்ல ரெக்கார்டு இருக்காதா?"

"அது மூடி பத்து வருஷமாச்சு சார். அத நடத்துன டாக்டரம்மாவும் தவறிட்டாங்க. பேப்பரெல்லாம் கரையான் தின்னுடுச்சு." இதைச் சொல்லும்போதுதான் எனக்கு உறைத்தது. "ஆனா கம்ப்யூட்டர்ல இருக்கு."

"எந்த கம்ப்யூட்டர்?"

"எங்க வீட்டு லாஃப்ட்ல இருக்கு சார்."

அவர் என்னையும் என் வீட்டுக்காரரையும் மாறி மாறிப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். "மூணரை வரைக்கும் பாருங்க. அதுக்கு மேல நான் காத்திருக்க மாட்டேன். ஆம்புலன்ஸ ரெடியா வெச்சிக்கறேன்" என்றார்.

அந்த நர்சிங் ஹோமில் நான் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்தேன். பி.காம் முடித்து, டைப்பிங் ஹையர் பாஸ் செய்துவிட்டுச் சேர்ந்தேன். நான் சேர்ந்தபோதே அது பழைய பெட்டி. மவுஸ் கிடையாது, கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. ஆபரேஷன் நடந்தால் அதன் விவரத்தை அன்று சாயங்காலத்துக்குள் ஏற்றிவிட வேண்டும் என்பது டாக்டரம்மாவின் கட்டளை. என் மகளுக்கு ஆபரேஷன் நடந்த அன்று மட்டும் நான் ஏற்றவில்லை. தியேட்டரில் நின்ற நர்ஸ் சிஸ்டர், "நீ குழந்தை கிட்ட போம்மா" என்று என்னை எழுப்பிவிட்டு என் நாற்காலியில் உட்கார்ந்து ஒற்றை விரலால் தட்டினார். மறுநாள் பட்டியலில் என் மகளின் பதிவெண்ணைப் பார்த்தேன். திறக்கவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ தடவை அந்த எண்ணைத் தாண்டிப் போயிருக்கிறேன், ஒரு நாளும் திறந்ததில்லை. அந்த சிஸ்டர் இப்போது எந்த ஊரில் இருக்கிறார் என்றும் தெரியாது.

நர்சிங் ஹோமை மூடியபோது பழைய இரும்புக்காரர் அந்தப் பெட்டியை எடைக்குக் கேட்டார். நான் எடுத்து வந்துவிட்டேன். கொஞ்ச நாள் தெருப் பிள்ளைகளுக்கு டைப்பிங் சொல்லிக்கொடுத்தேன். மானிட்டர் போன பிறகு அது லாஃப்டுக்கு ஏறியது. ஆயுத பூஜைக்கு மட்டும் இறங்கும். "வருஷத்துக்கு ஒரு வாட்டி புறப்படற உற்சவர்" என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார்.

இப்போது அவரை மகளிடம் விட்டுவிட்டு நான் மட்டும் வந்திருந்தேன். வரும் வழியிலேயே போன் செய்து ஒருவரை வரச் சொல்லியிருந்தேன். நர்சிங் ஹோம் காலத்திலிருந்து அந்தப் பெட்டியைப் பழுது பார்த்தவர். இப்போது ரமணாசிரமம் பக்கம் கடை வைத்து வெளிநாட்டுக்காரர்களின் லேப்டாப்புகளைச் சரி செய்கிறார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர், தலை முழுக்க நரைத்துவிட்டது. ஆனாலும் என்னை அக்கா என்பார். நான் அவரை அண்ணா என்பேன்.

"எது, அந்த ஆஸ்பத்திரி டப்பாவா? அது இன்னும் உயிரோட கீதாக்கா?" என்று போனில் சிரித்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. "தட்டையா ஒரு மானிட்டர் எடுத்துக்கினு வரேன். நான் வர்ற வரைக்கும் சுவிட்ச் போடாதீங்க. கைய வெச்சிக்கினு சும்மா இருங்க."

நான் சும்மா இருக்கவில்லை. பெட்டியை ஹாலில் வைத்து, துணியால் துடைத்து, சுவிட்சைப் போட்டேன். உள்ளே ஃபேன் நாலு சுற்று சுற்றி நின்றது. மறுபடி போட்டேன். அதே நாலு சுற்று.

அவர் வந்ததும் முதலில் ஃபேனைப் பார்க்கவில்லை, எங்கள் ஹால் டியூப்லைட்டைப் பார்த்தார். அது கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. "வோல்டேஜ் கம்மிக்கா. பாதையில எத்தினி கட போட்டுக்கிறான் பாருங்க, அத்தினி பேரும் கரன்ட் கம்பியில கொக்கி." எங்கள் ஃபிரிட்ஜைப் பிடுங்கிவிட்டு அதன் ஸ்டெபிலைசரில் கம்ப்யூட்டரைச் சொருகினார். ஃபேன் நிற்காமல் சுற்றியது. ஒரு நீளமான பீப், இரண்டு குட்டையான பீப். திரையில் ஒன்றுமில்லை.

"ஒரு நீளம், ரெண்டு குட்டை. டிஸ்ப்ளே கார்டு சரியா உக்காரல" என்று அணைத்துவிட்டு மூடியைக் கழற்றினார். கழற்றியவர் அப்படியே நின்றார்.

அந்தக் காலத்துப் பெட்டியில் எல்லாம் ஒரே பலகையில் இருக்காது. திரைக்கு ஒரு கார்டு, டிஸ்க்குக்கும் ஃபிளாப்பிக்கும் சேர்த்து ஒரு கார்டு என்று தனித்தனியாக, அலமாரியில் புத்தகம் நிறுத்திய மாதிரி நீளமான பள்ளங்களில் சொருகியிருக்கும். அந்த ஒவ்வொரு கார்டின் தலையிலும் ஒரு சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம். வருஷத்துக்கு ஒன்றாக, காய்ந்து, வெடித்து, உதிர்ந்து கிடந்தது. ஹார்ட் டிஸ்க்கின் முதுகில் இருந்த பொட்டு எட்டணா அளவு.

"இன்னாக்கா இது, கம்ப்யூட்டரா, கருமாரியம்மன் கோயிலா?"

"ஆயுத பூஜைக்கு வெச்சதுங்கண்ணா."

"எல்லாரும் மேலதானே வெப்பாங்க?"

"மேல வெச்சா பெட்டிக்குத்தானே வெச்ச மாதிரி. வேல செய்யறது உள்ளதானேன்னு..."

அவர் டிஸ்ப்ளே கார்டைப் பிடுங்கி, அதன் அடியில் வரிசையாக இருக்கும் தங்க நிறப் பட்டைகளைப் பென்சில் ரப்பரால் அழித்துத் தேய்த்தார். ரப்பரில் சிவப்பு ஒட்டியது. பள்ளத்தை பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி, மறுபடி சொருகி, இரண்டு கட்டை விரலாலும் அழுத்தினார். சுவிட்ச். ஒரே ஒரு குட்டை பீப். திரையில் பச்சை எழுத்து வந்தது. நான் கை கூப்பினேன்.

"இருங்க, இப்போதான் கதவே தொறந்துக்குது" என்றார்.

பலகையில் இருந்த சின்ன பேட்டரி எப்போதோ செத்து, பச்சையாகக் கசிந்திருந்தது. பேட்டரி செத்தால் அந்தப் பெட்டி தனக்குள் என்ன டிஸ்க் இருக்கிறது என்பதையே மறந்துவிடும். நாம்தான் மூன்று எண்களைச் சொல்ல வேண்டும். சொன்னாலும் கரன்ட் இருக்கும் வரைதான் ஞாபகம். அணைத்தால் மறுபடி முதலிலிருந்து. அந்த மூன்று எண்களும் டிஸ்க்கின் முதுகில் ஒட்டிய காகிதத்தில் இருக்கும். அந்தக் காகிதத்தின்மேல்தான் நான் பொட்டு வைத்திருந்தேன்.

அவர் ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து மெதுவாக ஒற்றினார். சந்தனம் வந்தது. சந்தனத்தோடு மையும் வந்தது. அறுநூற்று எண்பத்து மூன்று, பதினாறு என்ற இரண்டு எண்கள் தெரிந்தன. மூன்றாவது எண்ணில் மூன்று என்ற இலக்கம் மட்டும் நின்றது. அடுத்த இலக்கம் மஞ்சள் கறையாகிவிட்டது.

மணி ஒன்று பத்து.

"தப்பா போட்டா இன்னா ஆவும்ண்ணா?"

"படிக்கறதோட நின்னா ஒண்ணும் ஆவாது. இது பழைய டப்பா, தொறக்கும்போதே எதையாச்சும் எழுதி வெக்கும். தப்பான கணக்குல எழுதிச்சின்னா உள்ள கீறது மேலயே எழுதிடும். முப்பதுலருந்து முப்பத்தொம்பது வரைக்கும் ஒவ்வொண்ணா பாக்கலாம்னு சொல்லாதீங்க. நான் பண்ண மாட்டேன்."

அப்போது போன் வந்தது. என் வீட்டுக்காரர். "ஏம்மா, எதுனா கெடச்சுதா? இவளுக்கு வலி ஜாஸ்தியா கீது. ஜுரம் வேற ஆரம்பிச்சிருக்கு."

"இன்னும் இல்ல. பாத்துக்கினே இருக்கோம்."

மகள் போனை வாங்கினாள். குரல் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தது. "அம்மா, என்னை இங்க வுட்டுட்டு அந்த டப்பாவக் கட்டிக்கினு அழுவறியாமே?"

"பேசாத கண்ணு. வயித்தப் புடிச்சிக்கினு படு."

"பசிக்குதும்மா. தண்ணி கூட குடுக்க மாட்டேங்கறாங்க. நீ எது கண்டுபுடிச்சாலும் சரி, சீக்கிரம் கண்டுபுடி."

போனை வைத்த பிறகு நான் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரத்தில், பொட்டு படாத இடத்தில், பொடி எழுத்தில் இன்னொரு எண் இருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு.

"இது இன்னாண்ணா?"

"மொத்தம் எவ்ளோ புடிக்கும்ன்றது. எம்பி."

"மூணு நம்பரையும் பெருக்கினா அதுதானே வரணும்?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "பெருக்கி, இன்னும் ஐந்நூத்திப் பன்னெண்டால பெருக்கணும். போடுங்கக்கா, போடுங்க."

போனில் கணக்குப் போட்டேன். விரல் இரண்டு தடவை தவறியது. முப்பத்தேழு போட்டால் இருநூற்று ஏழு. முப்பத்தொன்பது போட்டால் இருநூற்றுப் பதினெட்டு. முப்பத்தெட்டுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு, பின்னால் கொஞ்சம் புள்ளி. அவருக்குக் காட்டினேன். அவரும் ஒருமுறை தனியாகப் போட்டுப் பார்த்தார். பிறகுதான் பெட்டியில் ஏற்றினார்.

திரை நகர்ந்தது. நின்றது. ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு வரி வந்தது: டிஸ்க் கன்ட்ரோலர் வேலை செய்யவில்லை.

அவர் டிஸ்க்கின் பக்கத்தில் காதை வைத்தார். என்னையும் வைக்கச் சொன்னார். எனக்கு ஃபேன் சத்தம் மட்டும்தான் கேட்டது. "அதான் விஷயம். சுத்தவே இல்ல. ரொம்ப நாளு படுத்தே கெடந்துதுல்ல, உள்ள ஒட்டிக்கிச்சு."

டிஸ்க்கை வெளியே எடுத்து, வயரோடு உள்ளங்கையில் படுக்க வைத்தார். "கரன்ட் போட்டதும் ஒரு திருப்பு திருப்புவேன். வுட்டுச்சின்னா சுத்தும். இது ஒரு தடவ பண்ற வேலக்கா. ரெண்டாவது தடவ பண்ணா உள்ள கீறல் வுழும். அப்புறம் கெஞ்சக் கூடாது."

நான் சுவிட்சில் கை வைத்திருந்தேன். வெளியே பாதையில் மைக்கில் யாரோ தொலைந்துபோன ஒருவரின் ஊரையும் சட்டை நிறத்தையும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் தலையாட்டினார். போட்டேன். சாவி திருப்புகிற மாதிரி மணிக்கட்டைச் சுருக்கென்று திருப்பினார். ஒன்றுமில்லை என்று நினைத்த நேரத்தில் ஒரு முனகல். பிறகு அது மெல்ல ஏறி, ஏறி, ஒரே சீரான சத்தமாக நிலைத்தது.

மூன்று எண்களையும் மறுபடி ஏற்றினோம். திரை நகர்ந்தது, நின்றது. அதே வரி. கன்ட்ரோலர் வேலை செய்யவில்லை.

மணி இரண்டு இருபது.

"டிஸ்க் சுத்துது. வயரு சரியா கீது, செவப்பு ஓரம் ஒண்ணாம் நம்பர் முள்ளுலதான் கீது. அப்போ கார்டுதான்" என்று தனக்கே சொல்லிக்கொண்டு டிஸ்க்குக்கான இரண்டாவது கார்டைப் பிடுங்கினார். அதைப் பார்த்ததும் இரண்டு பேருக்குமே புரிந்தது. பட்டைகளில் பாதி பச்சை பூத்திருந்தது. அது சொருகியிருந்த பள்ளத்துக்குள் குங்குமம் சேறு மாதிரி இறுகிக் கிடந்தது. பத்து வருஷத்து நவமி அந்தப் பள்ளத்துக்குள் இருந்தது. நர்சிங் ஹோமிலிருந்து நான் காப்பாற்றியது இந்தப் பெட்டி ஒன்றைத்தான், அதையும் நானே என் மோதிர விரலால் மூடி வைத்திருக்கிறேன்.

"எம்மேலதான் தப்பு" என்றேன். அழுகை வந்துவிட்டது.

"அழுதா அந்த ஈரமும் உள்ளதான் வுழும். தள்ளி உக்காருங்க" என்றார் நிமிராமல். ரப்பர், ஸ்பிரிட், ரப்பர், ஸ்பிரிட். ஒவ்வொரு பட்டையாக. எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. அவர் அவசரப்படவே இல்லை. "அந்தப் பள்ளம் போச்சு, அதைச் சுத்தம் பண்ண நேரமில்ல" என்று சொல்லி, கடைசியில் காலியாக இருந்த இன்னொரு பள்ளத்தில் கார்டைச் சொருகினார். நான் ஒரு வருஷமும் பொட்டு வைக்காத பள்ளம். அங்கே வைக்க ஒன்றுமில்லை என்பதால் விட்டிருந்தேன்.

சுவிட்ச். முனகல். சுற்றுகிறது. மூன்று எண்கள். திரை நகர்ந்தது. நின்றது. பிறகு நிற்கவில்லை. வரிகள் ஓடின. கடைசியில் கர்சர் ஓரிடத்தில் நின்று சிமிட்டியது. என்ன வேண்டும் என்று கேட்கிற அந்தச் சிமிட்டல் எனக்கு நன்றாகப் பழகியது.

"இனிமே உங்க வேல" என்று எழுந்து இடம் விட்டார்.

புரோகிராமின் பெயர் எனக்கு ஞாபகமில்லை. ஆனால் விரலுக்கு ஞாபகம் இருந்தது, அது பாட்டுக்கு அடித்தது. பட்டியல் திறந்தது. பதிவெண் எனக்கு மறந்ததே இல்லை. அதை அடித்துவிட்டு, கடைசி விசையை அழுத்தாமல் இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. "அக்கா, மணி ரெண்டு அம்பது" என்றார் பின்னாலிருந்து. அழுத்தினேன்.

சிஸ்டர் ஒற்றை விரலில், பிழையும் சுருக்கமுமான ஆங்கிலத்தில், ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தார். முதலில் படம் எடுத்து என் வீட்டுக்காரருக்கு அனுப்பினேன். போகவில்லை. பௌர்ணமிக் கூட்டத்தில் எத்தனை போன்கள் இருக்கும், அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. நாலு தடவை கூப்பிட்டதில் ஒரு தடவை பேச்சு கிடைத்தது. "டாக்டர்கிட்ட குடுங்க" என்றேன்.

"படிங்கம்மா" என்றார் டாக்டர்.

படித்தேன். பன்னிரண்டு நாற்பது, ஆபரேஷன் முடிந்தது, மூச்சு வரவில்லை, பலூன் அழுத்துகிறோம். ஒன்று பதினைந்து, மூச்சு இல்லை, காய்ச்சல் இல்லை, தொண்ணூற்றெட்டு. கை கால் துவண்டு இருக்கிறது, விறைப்பு இல்லை. இரண்டு மணி, அதே. மூன்று பத்து, விரல் அசைந்தது. மூன்று நாற்பது, தானாக மூச்சு. மேலே ஊசியின் பெயர் இருந்தது. எழுத்துக் கூட்டிச் சொல்ல ஆரம்பித்தேன், பாதியிலேயே அவர் முழுப் பெயரைச் சொல்லிவிட்டார்.

"ஆனா நீங்க காலையில சூடா இருந்துச்சுன்னு சொன்னீங்க."

"ஆமா சார். நான் தொட்டேன்."

"எத்தனை மணிக்கு?"

"அஞ்சு மணிக்கு."

"அஞ்சு மணிக்கு முன்னாடி என்ன எழுதியிருக்காங்க?"

நான் அடுத்த வரிக்குப் போனேன். நாலு பதினைந்து. படிக்க முடியாமல் நிறுத்தினேன். "அம்மா? லைன்ல இருக்கீங்களா?" என்றார்.

"இருக்கேன் சார். நாலு பதினஞ்சு, டெம்பரேச்சர் தொண்ணூத்தாறு புள்ளி எட்டு. உடம்பு ஜில்லுனு இருக்கு. ரெண்டு பக்கமும் வெந்நீர்ப் பை வெச்சோம். அஞ்சு மணி, அம்மாவை உள்ளே விட்டோம்."

அந்தப் பக்கம் அவர் மூச்சு விடுவது கேட்டது. "அந்த நாலு பதினஞ்சு வரியை மறுபடி படிங்க" என்றார். மறுபடி படித்தேன். "போதும். இங்கயே பண்றோம்" என்றார்.

பெட்டியை அணைக்காமல் அப்படியே விட்டுவிட்டு அண்ணாவின் வண்டியில் பின்னால் ஏறினேன். கொஞ்ச தூரம்தான் போக முடிந்தது. தடுப்புக்கு முன்னால் இறங்கி நடந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போக நான் கூட்டத்துக்கு எதிர்த்திசையில் போக வேண்டியிருந்தது. அத்தனை முகங்களும் என்னை நோக்கி வந்தன. "எதிர்ல போறியே தாயி, பாவம்டி" என்று ஒரு அம்மாள் சொன்னார். நான் நிற்கவில்லை. நடந்த நேரமெல்லாம் ஒரே ஒரு நினைப்புதான். காலையில் டாக்டர் தெர்மாமீட்டரைப் பற்றிக் கேட்டிருக்காவிட்டால், என் சூட்டை நம்பி, வெடிக்கப் போகிற வயிற்றோடு அவளை இந்த ஜனத்துக்குள் அனுப்பியிருப்பேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். என் வீட்டுக்காரர் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தோம். அறுவை மருத்துவர் வெளியே வந்து, இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் வெடித்திருக்கும் என்றார். மயக்க டாக்டர் அவருக்குப் பின்னால் வந்தார். முழு மயக்கம்தான் கொடுக்க வேண்டியிருந்தது, மூச்சு உடனே வந்துவிட்டது என்றார். ஒரு அட்டையில் அந்த ஊசியின் பெயரைச் சிவப்பு மையில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டுக் கொடுத்தார். "ஒண்ணு பர்ஸ்ல, ஒண்ணு போன்ல, ஒண்ணு சுவத்துல. லாஃப்ட்ல வேணாம்" என்றார்.

மகளை வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். கண்ணைத் திறந்தாள், மூடினாள். "டப்பா இன்னா சொல்லிச்சு?" என்று முனகினாள். "தூங்கு" என்றேன்.

அவள் தூங்கியதும் நெற்றியில் கை வைத்தேன். சூடாக இருந்தது. கையை எடுத்துவிட்டு, மறுபடி வைத்தேன். சூடுதான். எழுந்து போய் வார்டு சிஸ்டரைக் கூப்பிட்டேன்.

"இப்போதானேம்மா பாத்தோம். ஒண்ணும் இல்ல."

"ஒரு தடவ தெர்மாமீட்டர் வெச்சுப் பாத்துடுங்க சிஸ்டர். என் கை சரியில்ல."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு வைத்தார். தொண்ணூற்றெட்டு புள்ளி நான்கு. மணி ஏழு பத்து. பையிலிருந்து பேனாவை எடுத்து, மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் இரண்டையும் எழுதினேன். அரை மணி கழித்து மறுபடி அவரைக் கூப்பிட்டேன்.